தகர டப்பாவும் தாத்தா வீடும்

"திருவானைக்காவல்ல தகர டப்பாவைக் கொண்டாந்து வெச்சு உங்க தாத்தா மானத்தை வாங்கப் போறியாடா?"

கேட்டது பெரியப்பா. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உருண்டு கொண்டிருந்த நேரம். நான் சும்மா இருந்திருக்கலாம். "பின்கட்டை இரும்பு ஃபிரேம்ல கட்டினா என்ன?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் எனக்குப் பாரம்பரியம் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். காய்கறிக் கடையில் வகுப்பு, பஸ் ஸ்டாப்பில் வகுப்பு. காலேஜில் கூட இத்தனை வகுப்பு நடப்பதில்லை.

நான் படிப்பது பி.காம் மூன்றாம் வருஷம். ஆர்க்கிடெக்ட் இல்லை, இன்ஜினியர் இல்லை. வரைபடம் போட்டுக் கொடுத்தது ஆர்க்கிடெக்சர் முடித்த மாமா பையன். கணக்குப் போட்டது நான். இந்த ஒரு மாதமாக வாய்க்கு வந்ததை எல்லோரும் சொன்னீர்கள், கேட்டுக் கொண்டேன். இப்போது என் முறை.

முதலில் வீட்டைச் சொல்லி விடுகிறேன். இருபது அடி அகலம், நூற்றுப் பத்து அடி நீளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். வாசலில் நின்றால் நேரே கொல்லைக் கிணறு தெரியும். முன் பகுதி இன்னும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறது. இரண்டாம் கட்டுதான் போய்விட்டது. மெட்ராஸ் டெரஸ் தளம், மர உத்திரம் எல்லாம் கறையான். போன ஐப்பசி மழையில் ஒரு மூலை பொத்தென்று விழுந்தது. நல்ல வேளை, பாட்டி அப்போது கூடத்தில் இருந்தாள். அதனால் பின்பக்கத்தை இடித்துக் கட்டியே ஆகவேண்டும். எதில் கட்டுவது என்பதுதான் சண்டை.

பெரியப்பாவிடம் ஒரு கான்ட்ராக்டர் திட்டம் கொடுத்திருக்கிறார். காங்கிரீட் தூண், காங்கிரீட் தளம். முற்றத்தை மூடிவிடலாமாம், "வேஸ்ட் ஸ்பேஸ்" என்கிறார். திண்ணையை உடைத்துவிட்டு அங்கே கார் நிறுத்தலாமாம். பின்னால் மேலே மேலே ஏற்றி மூன்று போர்ஷன் வாடகைக்கு விடலாமாம். பாரம்பரியத்துக்காக முகப்பில் சிமெண்டில் இரண்டு தாமரைத் தூண் ஒட்டித் தருவாராம், அது இலவசம்!

இதைத் தெருவில் ஒருத்தர் கூடத் தப்பு என்று சொல்லவில்லை. ஏனென்றால் பாதித் தெரு ஏற்கனவே இதைத்தான் செய்திருக்கிறது. எங்கள் திட்டத்தில் திண்ணை அப்படியே இருக்கிறது. முற்றம் இருக்கிறது. ஓட்டுச் சரிவு இருக்கிறது. பின்கட்டின் எலும்பு மட்டும் இரும்பு. இதுதான் கலாசாரச் சீரழிவாம். அட போங்கப்பா.

இரும்பு நம்ம வழக்கம் இல்லையாம்

2025 ஜனவரியில் 'இரும்பின் தொன்மை' என்று தமிழ்நாடு அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது நினைவிருக்கும். சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்துத் தமிழ் நிலத்தில் 5,300 வருஷத்துக்கு முன்பே இரும்பு இருந்தது என்று சொன்ன அறிக்கை. அன்றைக்கு எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அதை முதலில் அனுப்பியது யார்? பெரியப்பாதான். மார்தட்டும் படம் வேறு. இப்போது அவரே "இரும்பெல்லாம் நம்ம வழக்கம் இல்லடா" என்கிறார். ஐயாயிரம் வருஷப் பெருமைக்கு ஆகும், பின்கட்டுக்கு ஆகாதா?

சரி, அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் கூடத்துக்கு வாருங்கள். பாட்டி உட்காரும் ஊஞ்சல் எதில் தொங்குகிறது தெரியுமா? எல்லோரும் மரம் என்றே நினைத்திருந்தோம், சுண்ணாம்பு அடித்து அடித்து அப்படி ஆகியிருந்தது. மாமா பையன் அளவெடுக்க ஏணி வைத்து ஏறி, சுரண்டிப் பார்த்தான். இரும்பு கர்டர். அதன் மேல் எழுத்து: டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து. 1930களில் தாத்தாவின் அப்பா வீடு கட்டியபோது கப்பலில் வந்த தொழிற்சாலைச் சரக்கு. அதன் மேல்தான் எங்கள் வீட்டுக் கல்யாணங்களின் ஊஞ்சல் சடங்கெல்லாம் நடந்திருக்கிறது. ஒருத்தருக்கும் கலாசாரம் கெடவில்லை.

மேலே இருக்கிற ஓடு? அதற்குப் பேரே மங்களூர் ஓடு. 1865-ல் பாசல் மிஷன் என்ற ஜெர்மன்-சுவிஸ் பாதிரிமார் மங்களூரில் ஆரம்பித்த தொழிற்சாலையில் இருந்து வந்த வடிவம் அது. அச்சில் வார்த்து, ஒரே அளவில், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி செய்தது. அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து, வீட்டில் பூட்டுவது. இன்றைக்கு 'ப்ரீஃபேப்' என்று சொன்னால் முகம் சுளிக்கிறீர்களே, அதன் தாத்தா உங்கள் தலைக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறார்.

சிமெண்ட்? நம்ம பக்கத்து ஊர் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது 1939-ல். ஜாம்ஷெட்பூரில் டாட்டா எஃகு வார்த்தது 1912-ல். வயசு என்று பார்த்தாலும் காங்கிரீட்டை விட இரும்புதான் இங்கே மூத்தது. ஆனால் காங்கிரீட் டப்பாவை யாரும் டப்பா என்று சொல்வதில்லை. எல்லோரும் அதற்குள்ளேயே குடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை போல.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு தெருவின் பாரம்பரியம் அது எந்தப் பொருளால் ஆனது என்பதில் இல்லை. பொருள் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. தாழ்வாரம் எந்த உயரத்தில் நிற்கிறது, தெருவில் போகிறவன் உட்காரத் திண்ணை இருக்கிறதா, வீட்டுக்குள் வானம் தெரிகிறதா, பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கேடில்லாமல் இருக்கிறோமா. பாரம்பரியம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான். இதையெல்லாம் காப்பாற்றுகிற பொருள் எதுவோ அதுவே நல்ல பொருள்.

எங்கள் வீட்டுக்கு ஏன் இரும்பு

திருவானைக்காவல் தீவு. ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம். ஜம்புகேஸ்வரர் சன்னதியிலேயே தண்ணீர் ஊறுகிற அப்புத் தலம். எங்கள் தெருவில் கொஞ்சம் தோண்டினாலே மண் ஈரமாகிவிடும். இந்த மண்ணில் மூன்று மாடிக் காங்கிரீட்டை ஏற்ற வேண்டுமானால் பொதுச் சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்ட வேண்டும். அந்தச் சுவர் சுண்ணாம்பும் செங்கல்லும். இந்த மாதிரி தோண்டி, பக்கத்து வீட்டில் விரிசல் விட்டு, இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. இரும்புச் சட்டகம் என்றால் எடை பல மடங்கு குறைவு. சுவருக்கு உள்பக்கமாகத் தன் காலிலேயே நிற்கும். பொதுச் சுவர் மேல் ஒரு கிலோ பாரம் கூட ஏறாது.

அடுத்தது, பொருளை எப்படி உள்ளே கொண்டு போவது? பின்கட்டுக்குப் போக ரேழிதான் வழி, மூன்றரை அடி அகலம். காங்கிரீட் என்றால் ஜல்லி, மணல், கலவை எல்லாம் சட்டி சட்டியாகப் பாட்டியைத் தாண்டி மாதக்கணக்கில் போக வேண்டும். இரும்பு உத்திரம் பதினெட்டு அடிதான். நாலு பேர் தோளில் வைத்து வாசலில் நுழைந்தால் வளையாமல் திரும்பாமல் கொல்லை வரைக்கும் போய்விடலாம். வாசலும் நடையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் கட்டிய பழைய ஆட்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். உள்ளே போய் போல்ட் போட்டு முடுக்கினால் ஆயிற்று. வேலை தெரிந்த ஆளுக்கும் பஞ்சமில்லை. பெல் கம்பெனியை நம்பி துவாக்குடியில் எத்தனை ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கிறது! ஊரே வெல்டிங் தெரிந்த ஊர். பாய்லர் செய்கிற கைக்கு ஒரு பின்கட்டு பெரிய விஷயமா?

மூன்றாவது மணல். கொள்ளிடத்தின் கரையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பில் ஒன்பது மதகு அடித்துப் போனது. அதே வெள்ளத்தில் நம்ம பழைய கொள்ளிடம் இரும்புப் பாலமும் விழுந்தது. "பாத்தியா, இரும்புப் பாலமே விழுந்துச்சு" என்று ஒரு மாமா என்னிடம் சொன்னார். மாமா, முதலில் சரிந்தது ஆற்றுக்குள் நின்ற தூண். அடியில் மண் அரித்துப் போனதால் சரிந்தது. மணலை அள்ளி அள்ளித்தான் இப்படி ஆச்சு என்று அன்றைக்கு ஊரே பேசியது, நீங்களும்தான் பேசினீர்கள். தூண் போன பிறகு மேலே இருந்த இரும்பு என்ன செய்யும், அந்தரத்தில் நிற்குமா? ஆற்றுக்காக அழுதுவிட்டு, அதே வாயால் இரண்டு லோடு மணலுக்கு ஆர்டர் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

துரு, வெக்கை, சத்தம், காசு

எதிர்ப்பில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலு கேள்வி நியாயமானது.

துரு. ஆமாம், பிடிக்கும், அதுவும் எங்கள் ஈர மண்ணில். அதனால்தான் தூணின் அடி மண்ணைத் தொடாமல், தரைக்கு மேல் ஒன்றரை அடி காங்கிரீட் பீடத்தில் நிற்கிறது. மெல்லிய தகட்டில் செய்த பகுதிகளுக்குச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகப் பூச்சு, தூணுக்கு முறையான பெயிண்ட். ராமேஸ்வரத்துக்குப் போகும் பழைய பாம்பன் பாலம் 1914-ல் திறந்தது. அலை மேலே அடிக்கிற உப்புக் காற்றில், பெயிண்ட் அடித்து அடித்து 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. நாங்கள் கடலில் கட்டவில்லை, கொல்லைக்குப் பக்கத்தில் கட்டுகிறோம். இன்னொன்றும் உண்டு. காங்கிரீட்டுக்குள் இருப்பதும் இரும்புக் கம்பிதானே? அதுவும் துருப்பிடிக்கிறது. உள்ளேயே உப்பி, தளத்தைப் பெயர்த்துக் கொண்டு தலையில் விழுகிறது. பழைய குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்தவர்களைக் கேளுங்கள். வெளியே தெரிகிற துருவுக்குப் பெயிண்ட் அடிக்கலாம். உள்ளே ஒளிந்திருக்கிற துருவுக்கு என்ன செய்வீர்கள்?

வெக்கை. வெறும் தகரக் கூரை போட்டால் சித்திரையில் வெந்தே போவோம், சந்தேகமே இல்லை. அதனால் வெறும் தகரம் போடவில்லை. கீழே ராக்வூல் அடைத்த பலகை, நடுவில் காற்றுப் போகிற இடைவெளி, மேலே நாங்கள் பிரித்து எடுத்து வைத்த பழைய ஓடு. நடுவில் முற்றம். காங்கிரீட் தளத்துக்குக் கீழே மே மாதம் ராத்திரி படுத்தவர்களுக்குத் தெரியும், பகலெல்லாம் குடித்த வெயிலை அது விடியற்காலை வரை கக்கும். லேசான கூரை பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். நெருப்புக்கும் பதில் இருக்கிறது. ஐந்நூற்றைம்பது அறுநூறு டிகிரிச் சூட்டில் இரும்பின் பலம் பாதியாகிவிடும், அதனால் அடுப்பங்கரைப் பக்கம் தூணுக்கு ஜிப்சம் போர்டு கவசம்.

சத்தம். பாட்டி கேட்ட ஒரே கேள்வி இதுதான். "மழை பேஞ்சா டமடமன்னு கேக்குமாடா?" ஓடு மேலே இருப்பதால் அவ்வளவு கேட்காது. ஆனால் கொஞ்சம் கேட்கும் பாட்டி, பொய் சொல்ல மாட்டேன்.

காசு. இங்கேதான் என் படிப்புக்கு வேலை. எங்களுக்கு வந்த கொட்டேஷன்படி சதுர அடிக்குக் காங்கிரீட்டை விட ஏறத்தாழ கால் பங்கு அதிகம். முன்பு சிமெண்ட்டுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி., இரும்புக்கு 18 என்று வாதாடியிருப்பேன். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டும் 18 ஆகிவிட்டது, அந்த வாதம் அம்பேல். கட்டி முடிக்கிற வரை வாடகை வீடு மாதம் பத்தாயிரம் என்றால், பத்து மாதத்துக்கு ஒரு லட்சம், நாலு மாதத்துக்கு நாற்பதாயிரம். அறுபதாயிரம் மிச்சம். ஆனாலும் இடைவெளி முழுசாக அடையவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னும் நாற்பது வருஷம் கழித்து என் பிள்ளைகள் இதைப் பிரித்தால், போல்ட்டைக் கழற்றி எடைக்குப் போடலாம், இல்லை வேறு இடத்தில் மாட்டலாம். காங்கிரீட்டை இடித்தால் குப்பை அள்ளவும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். அந்த வரவை எந்தக் கான்ட்ராக்டரும் பேலன்ஸ் ஷீட்டில் காட்டுவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடன் கேட்டுப் போன வங்கியில் மதிப்பீட்டாளர் ஒரே வரியில் "தற்காலிகக் கட்டடம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மத்திய அரசு 2021 ஜனவரியில் ஆறு நகரங்களில் புது முறையில் வீடு கட்டத் தொடங்கியதே, அதில் அகர்தலாவில் தேர்ந்தெடுத்தது இரும்புச் சட்டகம்தான். ஆயிரம் குடும்பத்துக்கு அரசே கட்டினால் நிரந்தரம், ஒரு பின்கட்டை நாங்கள் கட்டினால் தற்காலிகமா?

வங்கி என்றதும் ஒரு பழைய கதை. இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்காவில் வீட்டுக்குப் பஞ்சம் வந்தபோது லஸ்ட்ரான் என்று ஒரு கம்பெனி, ஒஹாயோவில் இரும்பு வீடு செய்தது. பார்க்கச் சாதாரணப் புறநகர் வீடு மாதிரியே இருக்கும், சரிவுக் கூரையோடு. எனாமல் பூசிய தகடு, துரு கிடையாது, பெயிண்ட் வேண்டாம். 1948-ல் தொடங்கி 1950-ல் மூடிவிட்டார்கள். செய்தது இரண்டாயிரத்து ஐந்நூறு வீடு போல. ஏன் மூடினார்கள்? வீடு கெட்டதால் இல்லை. பல வீடுகள் இன்றும் நிற்கின்றன. 7,000 டாலருக்கு விற்க நினைத்தது 10,000-ஐத் தாண்டியது. உள்ளூர்க் கட்டட விதிகள் ஒத்து வரவில்லை, வாங்குகிறவருக்குக் கடன் கிடைப்பதும் கஷ்டமானது. அரசிடம் வாங்கிய கடன் மூன்று கோடி டாலரைத் தாண்டி நின்றது. வீடு பிழைத்தது, கம்பெனி செத்தது. நம்ம வகுப்பில் கேஸ் ஸ்டடி கேட்கிற மக்களே, இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

இரும்பு வீடு என்றதும் கேட்லாக்கில் இருந்து கண்ணாடிப் பெட்டியை அப்படியே இறக்குகிற நவநாகரிகக் கூட்டம் ஒன்று இருக்கிறது. பழைய தெருவின் நடுவில் சாம்பல் நிறப் பெட்டி, பெரிய கேட், திண்ணை இல்லை, தெருவுக்கு முதுகு. அதைப் பார்த்துத்தான் ஜனம் பயப்படுகிறது. அந்தப் பயத்தில் தப்பில்லை.

சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்று ஒரு தம்பதி. 1949-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், கடையில் கிடைக்கிற தொழிற்சாலை உருப்படிகளை வைத்தே இரும்புச் சட்டக வீடு கட்டிக் குடியேறினார்கள். சட்டகம் நிமிர ஒன்றரை நாள்தான் ஆனதாம். அங்கே இருந்த மரங்களை வெட்டாமல் அவற்றை ஒட்டியே வீட்டை வைத்தார்கள். இதே இருவரைத்தான் இந்திய அரசு அழைத்தது. 1958-ல் அவர்கள் கொடுத்த அறிக்கையில் இங்கே பார்த்ததிலேயே மிக அழகான பொருள் என்று எதைக் கொண்டாடினார்கள் தெரியுமா? லோட்டாவை. நம்ம வீட்டுச் சொம்பு! இரும்பு வீட்டில் குடியிருந்தவர்களுக்குச் சொம்பின் அருமை தெரிந்திருக்கிறது. சொம்பை எடைக்குப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் மக் வாங்கிய நாம் பாரம்பரியம் பேசுகிறோம்.

அதனால் இரும்பில் கட்டுங்கள், ஆனால் தெருவைப் பார்த்துக் கட்டுங்கள். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தின் உயரத்தைத் தாண்டாதீர்கள். திண்ணையில் கை வைக்காதீர்கள். முற்றத்தை மூடாதீர்கள். ஈரத்துக்கும் வெயிலுக்கும் விடை இல்லாமல் தகடு வாங்காதீர்கள். இத்தனையும் செய்ய முடியாதென்றால் பேசாமல் செங்கல்லிலேயே கட்டுங்கள்.

கான்ட்ராக்டருக்குத் தை பிறந்ததும் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பெரியப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்பா இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் போட்ட கணக்குப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், அதைப் பார்த்தேன்.

என் மேல் கோபமாக இருக்கிற தெருக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள். இன்று சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போங்கள். எத்தனை வீட்டில் திண்ணை மிச்சம் இருக்கிறது, எத்தனை வீட்டில் முற்றம் மிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். போனதையெல்லாம் எது விழுங்கியது என்றும் பாருங்கள். அதில் ஒன்றையாவது இரும்பு விழுங்கியிருந்தால் வந்து சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.